வண்டு தொடாத பூ

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பேச்சு இருந்தது. நான் நட்ட கறிவேப்பிலை பிழைக்குமாம், நான் ஊன்றிய பாகல் விதை காய்க்குமாம். அடுத்த தெருவில் புதுவீடு புகுந்தவர்கள் பால் காய்ச்சவே என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி போய்ப் பாலைப் பொங்கவிட்டு வந்தேன். அந்தப் பெயர் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் கிள்ளானில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். முன்னால் கொஞ்சம் மண், அதற்கு முன்னால் லோங்காங் என்கிற சாக்கடை, அப்புறம் ரோடு. எங்கள் வீடும் பக்கத்து வீடும் கடைசி இரண்டு. இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பிவேலி. என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்த்தார். பண்டமாரான் பக்கம் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். வீட்டில் நானும் அம்மன் படமும்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாசாரில் மீன் வாங்கப் போனால் மீன்காரர் முதற்கொண்டு “இன்னும் ஒன்னும் இல்லையா தங்கச்சி?” என்று கேட்கிற காலம். எனக்கு வாய் துடுக்கு. “இருந்தா பையில போட்டா தூக்கிட்டு வருவேன்?” என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு அந்தத் துடுக்கு எங்கே போகும் என்று தெரியாது.

கோயிலில் பழக்கமான ஒரு அம்மா ஒரு வேண்டுதல் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் அம்மனுக்கு நூற்றெட்டுப் போற்றி சொல்லி, போற்றிக்கு ஒரு பூவாக நூற்றெட்டுப் பூ போட வேண்டும். விலக்கான நாட்களை விட்டுவிட்டு எண்ணிக்கையைத் தொடரலாம். ஆனால் பூ அன்றன்று பறித்ததாக இருக்க வேண்டும். “கடையில வாங்குற பூ ஆவாதும்மா. லோரில வந்து, பத்து பேரு கை பட்டு வர்ற பூ. விடியறதுக்குள்ள பறி. வண்டு தொடறதுக்கு முந்தி பறி. வண்டு வாய் வச்ச பூ எச்சப் பூ” என்றார். தொடங்கிய பூவை நடுவில் மாற்றக்கூடாது என்றும் சொன்னார். சாப்பாட்டில் கவிச்சி கூடாது. மற்றதற்கு விதி ஏதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டுதலுக்கே அர்த்தமில்லாமல் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு செம்பருத்திச் செடியும் ஒரு நந்தியாவட்டையும். இரண்டிலும் சேர்த்து இருபது பூ தேறினால் பெரிது. நூற்றெட்டுக்கு நான் எங்கே போவேன்?

பக்கத்து வீட்டு அங்கிளிடம் ஒரு செர்ரி மரம் இருந்தது. லோங்காங் ஓரத்தில் தானாக முளைத்து, கிளிகளும் பிள்ளைகளும் மொய்க்குமே, அந்தச் செர்ரி இல்லை. இது பார்படோஸ் செர்ரி. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, புதர் மாதிரி படர்ந்திருக்கும். ஒரு நல்ல மழை பெய்து நான்கைந்து நாளில் கிளை முழுக்க ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னப் பூ. இதழ்களின் ஓரம் கத்தரித்து விட்டதுபோல் இருக்கும். ஒரு பூ கட்டைவிரல் நகத்தளவு. நூற்றெட்டுப் போற்றிக்கு அளவெடுத்துச் செய்தாற்போன்ற பூ. மரத்தில் பாதி வேலியைத் தாண்டி என் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

சாமிக்குப் பூப் பறிப்பது திருட்டில் சேராது என்று நம்மிடையே ஒரு எண்ணம் உண்டு. விடிகாலையில் கூடையோடு நடந்து, அடுத்தவர் வேலிக்கு வெளியே தலைநீட்டும் பூவையெல்லாம் பறித்துப்போகும் பக்தர்களை எல்லாத் தாமானிலும் பார்க்கலாம். கேட்டால் “சாமிக்குத்தானே” என்பார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் அங்கிள் கொடுத்திருப்பார் என்பது வேறு விஷயம். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டி வரும். குழந்தைக்கு என்று என் வாயால் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கிளும் ஆன்டியும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கிள் அரசாங்க அலுவலகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கி அரைக்கால்சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டு மண் கொத்தும்போதும் கையில் கடிகாரம் இருக்கும். எங்கள் வரிசையில் யாருக்கு எந்தக் கடுதாசி எழுத வேண்டுமென்றாலும் அவர் கையெழுத்துதான். அவ்வளவு அழகான எழுத்து. ஒரே மகள், இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் கொண்டுவந்து நட்ட கன்றுதான் அந்தச் செர்ரி. ஒவ்வொரு கடுதாசியிலும் “என் மரம் காய்த்ததா?” என்று கேட்பாள் என்று ஆன்டி சொல்வார். மூன்று மாதத்தில் லீவில் வரப்போகிறாள் என்று செய்தி வந்திருந்தது. அவள் வரும்போது அந்த மரத்தில் பழம் இருக்க வேண்டும். அங்கிளுக்கு அப்போது வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

முந்தின வருடம் பதினோரு பழம் காய்த்தது. இந்த முறை எப்படியும் ஒரு கிண்ணம் நிறையக் காய்க்கவைப்பது என்று அங்கிள் விவசாய இலாகாவில் யாரையோ போய்ப் பார்த்துவந்தார். இந்த ஊர்த் தேனீக்கு இந்தப் பூ அவ்வளவாகப் பழக்கமில்லை, கையால் மகரந்தம் சேர்த்தால் நிறையக் காய்க்கும் என்று சொன்னார்களாம். உடனே படம் தீட்டும் தூரிகை ஒன்று வாங்கிக்கொண்டார். காலை பத்து மணிக்கு, வெயில் ஏறிப் பூவின் ஈரம் காய்ந்தபிறகு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் தூரிகையால் தொடுவார். தொட்ட பூவின் காம்பில் ஆன்டியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நூலை ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதிக்கொள்வார்.

அவர் பத்து மணிக்கு வருகிற மரத்துக்கு நான் விடிவதற்கு முன்பே வந்துபோயிருப்பேன். கணவரை அனுப்பிவிட்டுக் குளித்து, ஈரத்தலையோடு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வேலிக்கு வருவேன். இருட்டில் விரலால் தடவித்தான் பறிப்பது. முதலில் என் பக்கம் சாய்ந்த கிளையில் மட்டும் எடுத்தேன். பூ குறையக் குறையக் கை வேலியைத் தாண்டியது. அந்த மரத்தின் இலையில் கண்ணுக்குத் தெரியாத சுணை உண்டு. முழங்கை வரைக்கும் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போற்றி சொன்னேன்.

“எங்க புடிக்கிற இவ்ளோ பூவு?” என்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

“சாமி குடுக்குது” என்றேன்.

இருபதாவது நாளுக்கு மேல் இருக்கும். போற்றி பாதி தாண்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு பூவை எடுத்தபோது காம்பில் சிவப்பாக ஏதோ தொங்கியது. நூல். தட்டைக் கிளறிப் பார்த்தேன். இன்னும் மூன்று பூவில் நூல் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் தூரிகையோடு குனிந்து நிற்பதைத் தினமும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள்தானே நான்? அந்த நான்கு நூலையும் விளக்கில் காட்டி எரித்தேன். பூவை மட்டும் அம்மன் காலில் போட்டேன். இனி நூல் கட்டிய பூவைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அந்த முடிவு நான்கு நாள் நின்றது.

நான்காவது நாள் காலை அங்கிள் என்னை வேலிக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“பிள்ளை, ஒருக்கா இஞ்ச வாங்கோ. இதைப் பாருங்கோ. ஏழு பூ நிக்குது! நாலு நாளா விழாமல் நிக்குது.”

வேலிக்குப் பக்கத்துக் கிளைதான். வயதானவருக்குக் கை எட்டும் உயரம். ஏழு பூவிலும் சிவப்பு நூல். இதழ் வாடிச் சுருங்கி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் மிளகளவுக்குப் பச்சையாக ஒரு புடைப்பு. “பிஞ்சு பிடிக்குது பிள்ளை. இன்னும் மூண்டு, நாலு கிழமையில் பழுத்திடும்” என்றார். மூன்று, நான்கு வாரம் என்றால் மகள் வருவதற்குள் பழம் கைக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. நானும் “ரொம்ப சந்தோஷம் அங்கிள்” என்றேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அதுதான் இப்போது நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் விடிகாலை பூவே இல்லை. மழை விட்டுப் பல நாளாகி, அந்த முறை பூத்தது ஓய்ந்துகொண்டிருந்தது. எல்லாக் கிளையையும் தடவினேன். உச்சியில் இருப்பதை வளைத்துப் பறித்தேன். முதல் நாளிலிருந்தே தட்டில் சேர்த்துவந்த என் நந்தியாவட்டையிலும் இருந்ததையெல்லாம் பறித்தேன். தட்டில் எண்ணிப் பார்த்தால் நூற்றியொன்று. திரும்ப எண்ணினேன். நூற்றியொன்று.

இன்னும் ஏழு வேண்டும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. குங்குமம் போட்டிருக்கலாம். வாடிய இதழைக் கிள்ளி இரண்டாக்கிப் போட்டிருக்கலாம். தெருமுனைச் சீனக் கிழவியின் வேலியில் அரளி பூத்துக்கிடந்தது. ஆனால் ஆறு வருடம் காத்திருந்தவளுக்கு அந்த நேரத்தில் கணக்கு பிசகக்கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. ஏழு குறைந்தது, ஏழு பூ அங்கே நிற்கிறது, இது அம்மனே காட்டுகிற கணக்கு என்றுகூட என் புத்தி சொன்னது. வேண்டியதைச் செய்ய மனசு எவ்வளவு சுலபமாகச் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறது!

ஏழையும் பறித்தேன். பறித்ததோடு நிற்கவில்லை. பூவோடு நூலும் காணாமல் போனால் யாரோ பறித்தது தெரிந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு காம்பிலிருந்தும் நூலை உருவி, கம்பிவேலிக்குள் கையை விட்டு, மரத்தடியில் போட்டேன். பூ தானாக உதிர்ந்தது போல. ஒன்று இலையில் சிக்கியது. அதையும் தட்டிவிட்டேன். பிறகு வந்து உட்கார்ந்து நூற்றெட்டுப் போற்றியையும் குறையில்லாமல் சொல்லி முடித்தேன்.

மற்றதையெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியும். அந்த ஏழு நூலை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

பத்து மணிக்கு அங்கிள் வந்தார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். கிளையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். கீழே குனிந்து ஒவ்வொரு நூலாகப் பொறுக்கினார். உள்ளங்கையில் வைத்து எண்ணினார். அன்று நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மாலையில் ஆன்டி துணி எடுக்க வந்தபோது நான் வேலி ஓரம் நின்றிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “இவர் கை வைச்சால் முருங்கைத் தடியும் பட்டுப்போகும். நான் அப்பவே சொன்னனான், அதைத் தொடாதையுங்கோ எண்டு. சும்மா விட்டிருந்தால் போன வருஷம்போல பத்துப் பழமாவது காய்ச்சிருக்கும்.” புருஷனைக் கேலி செய்யும் எல்லாப் பெண்களும் பேசுகிற பேச்சு. அங்கிள் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

என் நாற்பத்தெட்டு நாள் முடிய இன்னும் பல நாள் இருந்தது. நடுநடுவே தூறிய மழைக்கு மரம் விட்டுவிட்டுப் பூத்ததால் எண்ணிக்கை எப்படியோ ஒப்பேறியது. நடுவில் ஒருமுறை விலக்குக்காக எண்ணிக்கையை நிறுத்தியிருந்தேன். இரண்டாவது முறை நிறுத்த வேண்டிய நாட்கள் வந்தன. நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் பார்த்தேன், ஒரு வாரம் பார்த்தேன். நாற்பத்தெட்டாவது நாள் தட்டைக் கவிழ்த்துவைத்தபோது எனக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. அம்மன் முன்னால் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் மரத்தடியில் குனிந்து நின்ற முதுகு ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு சொல்லிவிடுவது முன்னிலும் கஷ்டமாகிவிட்டது. திருடிய பூவுக்குக் கிடைத்த வரம் என்று ஒப்புக்கொண்டால் வரம் திரும்பிப் போய்விடுமோ என்று பயந்தேன். சிரிக்கலாம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் நல்ல மழை. மரம் மறுபடியும் பூத்துக் குலுங்கியது. பத்து மணியானது. அங்கிள் மரத்தடிக்கு வரவில்லை. பதினொரு மணிக்குத் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“பிள்ளை, ஒரு உதவி செய்வியளோ?”

“சொல்லுங்க அங்கிள்.”

“இந்தப் பூவுகளை உங்கட கையால ஒருக்காத் தொட்டுவிடுங்கோ. நான் தொட்டது ஒண்டும் நிக்குதில்லை. போன வருஷம் நான் கை வைக்கேல்லை, காய்ச்சது. இந்த முறை கை வைச்சன், ஒண்டும் மிஞ்சேல்லை. நூல் மட்டும் கீழ கிடக்குது. என்ர கையிலதான் ஏதோ பிழை.”

“அப்படில்லாம் ஒன்னும் இல்ல லா அங்கிள். நீங்களே செய்யுங்க.”

“இல்லைப் பிள்ளை. மகள் வர ஒரு மாதம்தான் இருக்குது. நான் இனி இதைத் தொட மாட்டன்.”

தூரிகையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? சொல்லியிருக்க முடியும். அது தெரிந்துதான் வாங்கிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பூவாகத் தொட்டேன். முதலில் ஒரு பூவின் மஞ்சள் தூளைத் தூரிகையில் எடுத்து, அடுத்த பூவின் நடுவில் மெதுவாக வைக்க வேண்டும். நான் பறித்தபோது ஒருநாளும் கவனித்துப் பார்க்காத பூ. உள்ளே அவ்வளவு நுணுக்கமாக, ஒழுங்காக இருந்தது. அங்கிள் மூன்றடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தப்பித்தவறிக்கூட ஒரு இலையில் அவர் விரல் பட்டுவிடக்கூடாது என்று அப்படி நின்றார். ஒரு கிளை காற்றில் அவர் பக்கம் ஆடியபோது பின்னால் நகர்ந்துகொண்டார்.

காய்க்காமல் என்ன செய்யும்? விடிகாலையில் பறிப்பவள் பறிப்பதை நிறுத்திவிட்டாள். கிளையெல்லாம் பச்சைக் குண்டுமணியாகத் திரண்டு, மஞ்சளோடி, சிவந்தது. மகள் வந்திறங்கியபோது ஒரு கிண்ணமில்லை, இரண்டு கிண்ணம். அவள் ஒன்றை வாயில் போட்டுப் புளிப்பில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள். “அப்பா, யூ டிட் இட்!” என்று அவரைக் கட்டிக்கொள்ளப் போனாள்.

“நானில்லையம்மா” என்றார் அங்கிள். “என்ர கைக்கு ஒண்டும் நிக்கேல்லை. எல்லாம் இந்தப் பிள்ளையின்ர கைராசி.”

அவள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு “தேங்ஸ் அக்கா” என்றாள். அந்தக் கையில் சுணை பட்டு அரித்த தழும்பு அப்போதும் லேசாக இருந்தது. ஒரு கிண்ணம் பழத்தை எனக்கே கொடுத்தார்கள். மசக்கைக்குப் புளிப்பு இதமாக இருக்கும் என்று ஆன்டி சொன்னார். எல்லாவற்றையும் தின்றேன். ஒரு பழம் மிச்சம் வைக்கவில்லை.

அந்த ஒரு கிண்ணம் பழத்தில் ஆரம்பித்ததுதான் என் புகழ். ஆறு வருடம் கழித்து நானே உண்டாகியிருந்ததும் சேர்ந்துகொண்டது. முதலில் யாராவது கூப்பிட்டால் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நான் ஊன்றிய அவரை தழைத்தபோது, எனக்கே ஒருவேளை ஏதோ இருக்கிறதோ என்று தோன்ற ஆரம்பித்தது. அவரிடமிருந்து உருவியதை நான் கையில் மாட்டிக்கொண்டு திரிந்தேன், அதுவும் பெருமையாக.

அங்கிள் தோட்ட வேலையை அதோடு விட்டுவிட்டார். காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆன்டி. செர்ரி பூக்கிறபோதெல்லாம் தூரிகை என்னிடம் வரும். “முந்தியெல்லாம் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். நான் பகிடிக்குத்தான் சொன்னது, பிள்ளை” என்று ஆன்டி ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். தன் பேச்சால்தான் இப்படி ஆனது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் “வயசாவுது இல்ல ஆன்டி” என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு மூன்று வயது முடிந்த வருடம் சரஸ்வதி பூசை முடிந்து விஜயதசமியன்று எழுத்து தொடக்குவது என்று முடிவு செய்தோம். யாரைக் கொண்டு தொடக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முத்து முத்தான அந்தக் கையெழுத்து என் மகளுக்கு வர வேண்டும். அதோடு, அவர் கையை மறுபடி ஒரு நல்ல காரியத்தில் வைத்துவிட்டால் பழையதெல்லாம் தீர்ந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. சொல்லாமலே தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன்.

தட்டில் பச்சரிசியைப் பரப்பி வைத்து, குழந்தைக்குப் புதுப்பாவாடை கட்டி, அங்கிளையும் ஆன்டியையும் கூப்பிட்டோம். அங்கிள் வெள்ளை வேட்டி சால்வையோடு வந்து உட்கார்ந்தார். என் கணவர் குழந்தையை அவர் மடியில் வைக்கப் போனார்.

“அங்கிள், கைய புடிச்சு ‘அ’ எழுத வைங்க.”

அங்கிள் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

“ஐயோ, வேண்டாம் தம்பி. என்ர கை வேண்டாம். பிள்ளையின்ர முதல் எழுத்து. ஆறு வருஷம் காத்திருந்து பெத்த பிள்ளை. நீங்களே பிடியுங்கோ.”

“என்னா அங்கிள் இப்படி சொல்றீங்க. ஒங்க எழுத்து மாதிரி யாருக்கு வரும்?”

“எழுத்து நல்லதுதான். கை நல்லதில்லை.” அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், தனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்வது மாதிரி.

நான் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது.

“அங்கிள், ஒங்க கையில ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பூவு...”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர், ஆன்டி, பாவாடையைக் கசக்கிக்கொண்டு என் மகள். சாமி குடுக்குது என்று நான் சொன்னதை நம்பிய மனுஷன் என் பக்கத்தில் இருந்தார்.

“அந்தப் பூவு தானா உதுந்துருக்கும் அங்கிள்” என்றேன்.

“நீங்கள் நல்ல பிள்ளை” என்று அங்கிள் சிரித்தார். “என்ர மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுறியள்.”

என் கணவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதினார். கோணலாகத்தான் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். அங்கிளும் அப்போதுதான் கையை முன்னால் கொண்டுவந்து தட்டினார்.

எண்பதுகளின் நடுவில் அங்கிளையும் ஆன்டியையும் அவர்கள் மகள் இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டாள். வீட்டை வாங்கியவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று முன்பக்கம் முழுக்க சிமெண்டு போட்டார்கள். செர்ரி மரம் ஒரு காலையில் போய்விட்டது. வெட்டுகிற சத்தம் கேட்டு நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து மகளிடமிருந்து கடுதாசி வந்தது, உள்ளே ஒரு போட்டோ. அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு செர்ரி மரம், அந்த நாட்டுச் செர்ரி. இலையே தெரியாமல் மரம் முழுக்க வெள்ளைப் பூ. பூவுக்குக் கீழே பெரிய கோட்டுப் போட்டுக்கொண்டு அங்கிள் நிற்கிறார். கடுதாசியில் எழுதியிருந்தாள்: “இங்கே தேனீக்களே எல்லா வேலையையும் செய்துவிடுகின்றன, அக்கா. இருந்தும் அப்பா எதையும் தொடுவதில்லை. பூக்கிற நாட்களில் மரத்துக்குக் கிட்டப் போகவும் யோசிக்கிறார். போட்டோவுக்காக நான்தான் கட்டாயப்படுத்தி நிறுத்தினேன். உங்கள் கை இங்கே இல்லையே என்று அடிக்கடி சொல்கிறார்.”

என் கணவர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். “பாரேன், அங்கிள் எவ்ளோ மிடுக்கா நிக்கிறாரு. மிலிட்டரி ஆபீசர் மாதிரி” என்றார்.

அங்கிள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

என் மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பதில் கடுதாசியைத் தான்தான் எழுதுவேன் என்று பேனாவோடு உட்கார்ந்தாள். நலம், நலமறிய ஆவல் என்பதுவரை அவளே எழுதிவிட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அடுத்து என்னாம்மா எழுதணும்?”

போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“பூ ரொம்ப அழகா இருக்குன்னு எழுது” என்றேன்.

எழுதினாள். “அப்புறம்?”

“அவ்ளோதான்” என்றேன்.